மறுபடியும் போய்ப் பார்த்தீர்களா?

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்ளின் ஐயா பேச எழுந்தால் ஒரு வேத பகுதி, ஒரு சாட்சி, கடைசியில் காணிக்கைத் தட்டு என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இந்த வருஷம் கமிட்டியார் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. வெளிநாட்டு உதவியோடு நடக்கிற குடும்பக்கட்டுப்பாட்டுப் பணியை எப்படி நிர்வகிப்பது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு போதகருக்கு ஏன் இந்தத் தலைப்பு என்று சிலர் புன்னகைக்கிறீர்கள். காரணம் இருக்கிறது. 1993-ல் நான் இந்த ஊழியத்துக்கு வந்தபோது, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவர் என்று சொல்லி என்னையே திட்டக் கமிட்டியின் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவன், மாத்திரை அட்டைகளை எண்ணக் கற்றுக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருத்தடையைக் குறித்துத் திருச்சபைகளுக்குள் ஒரே மனம் இல்லை. ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1930-ல் லாம்பெத்தில் கூடி, சில நிபந்தனைகளோடு அதற்கு இடம் கொடுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ 1968-ல் போப்பாண்டவரின் சுற்றுமடல் மூலம், இயற்கை முறைகள் தவிர மற்றவை கூடாது என்று உறுதிப்படுத்தியது. இங்கே இரு சபையாரும் அமர்ந்திருக்கிறீர்கள். அந்த விவாதத்தை நான் இன்று தீர்க்கப் போவதில்லை. யாரோ ஒருவர் தூரத்திலிருந்து பணம் கொடுக்கிறார். அந்தப் பணத்தில், முன்பின் அறியாத ஒரு பெண்ணின் சரீரத்தின்மேல் ஒரு காரியம் நடக்கிறது. கொடுத்தவருக்கும் நடத்துகிறவருக்கும் அவள்மேல் உள்ள கடமை என்ன? இதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இதில் எல்லாச் சபையாருக்கும் பங்கு உண்டு.

என் அறிக்கையில் இல்லாத ஒரு கட்டம்

நான் வந்த இரண்டாம் வருஷம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் உதவியால் கிராமங்களில் முகாம் நடத்தினோம். பெயர் வேண்டாம், அவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் அனுப்ப வேண்டும். காப்பர்-டி போட்டவர்கள் எத்தனை பேர், மாத்திரை பெற்றவர்கள் எத்தனை பேர், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று கட்டங்கள். நான் நிரப்புவேன், பெரிய டாக்டர் கையெழுத்திடுவார், தபால் போகும், அடுத்த தவணைப் பணம் வரும்.

ஒரு நாள் காலை ஜெபம் முடிந்து வெளியே வந்தேன். சிற்றாலயப் படியில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. மலையடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். எங்கள் முகாமில் காப்பர்-டி போட்டுக்கொண்டவள். நான்கு மாதமாக உதிரப்போக்கு. புருஷனிடம் சொல்லப் பயம். மாமியாரிடம் சொல்ல வெட்கம். அவள் என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "ஐயா, திரும்ப வந்து பாக்குறோம்னு சொன்னாங்க. நாளை எண்ணிக்கிட்டே இருந்தேன். யாரும் வரலை."

டாக்டரம்மா அதை எடுத்துவிட்டு, இரத்தசோகைக்கு மருந்து கொடுத்தார்கள். அவள் தேறினாள். ஆனால் அன்று மத்தியானம் என் மேஜையில் இருந்த அறிக்கையைப் பார்த்தேன். அந்தக் காலாண்டுக் கணக்கில் அவளும் ஒரு வெற்றியாக எண்ணப்பட்டிருந்தாள். அவளுடைய நான்கு மாத வேதனையை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததால் நானும் கேட்கவில்லை. அவள் ஊரிலிருந்து அடுத்த இரண்டு வருஷம் ஒரு பெண்கூட இந்தக் காரியத்துக்காக நம் மருத்துவமனை வாசலை மிதிக்கவில்லை. தெருக் குழாயடியில் அவள் சொன்ன சாட்சி, எங்கள் துண்டுப் பிரசுரங்களைவிட வலிமையாக இருந்தது. அது நியாயமான சாட்சியும்கூட.

அந்தக் காலத்தில்தான் அப்போதைய மேட்ரன் அம்மா, வங்கதேசத்தில் மத்லப் என்கிற இடத்தில் நடந்த வேலையைப் பற்றிய ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். "ஐயா, நாம் எங்கே தவறினோம் என்று இதில் இருக்கிறது" என்றார்கள். அன்று முதல் அந்த இடத்தைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்து வருகிறேன்.

மேக்னா ஆற்றங்கரையில்

டாக்கா நகரில் 1960-ல் ஒரு காலரா ஆராய்ச்சிக்கூடம் தொடங்கப்பட்டது. அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். மேக்னா ஆற்றுப் படுகையில், வெள்ளக் காலத்தில் படகின்றிப் போக முடியாத மத்லப் பகுதியில் 1963-ல் அதற்கு ஒரு களநிலையம் அமைந்தது. காலரா கண்டவர்களைப் படகில் கொண்டுவந்து இலவசமாக வைத்தியம் செய்தார்கள். 1966 முதல் அந்த ஊர்களின் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு ஒவ்வொன்றையும் வீடு வீடாகப் பதிந்து வந்தார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றலாம் என்பதை 1968-ல் நிரூபித்ததும் இதே ஆராய்ச்சிக்கூடத்தார்தான். ஆகவே ஜனங்களுக்கு அவர்கள்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது.

அதன்பின் அந்த நாடு பட்ட பாடுகளை மூத்தவர்கள் அறிவீர்கள். 1970-ல் புயல், 1971-ல் யுத்தமும் விடுதலையும், 1974-ல் பஞ்சம். ஒரு பெண் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல் பெற்றாள். 1975-ல் மணமான பெண்களில் நூற்றுக்கு 8 பேர்தான் ஏதாவது ஒரு கருத்தடை முறையைப் பின்பற்றினார்கள். உலகத்தின் உதவி நிறுவனங்கள் எல்லாம் அங்கே வந்து நின்றன.

மத்லபில் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? நாங்கள் செய்த அதே தவற்றைத்தான். 1975-ல் கருத்தடை மாத்திரைகளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் வயதான, எழுத்தறிவில்லாத கிராமத்துப் பெண்கள். எண்ணிக்கை முதலில் விறுவிறுவென்று உயர்ந்தது. பிறகு சரிந்தது. மாத்திரை சாப்பிட்டவளுக்குத் தலைச்சுற்றல், வாந்தி, உதிரப்போக்கு என்று ஏதாவது வந்தால் கேட்க ஆள் இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று முறை இல்லை. பொருள் வீடு வரை போய்ச் சேர்ந்தது. கவனிப்பு போய்ச் சேரவில்லை.

அவர்களை நான் மதிப்பது, சரிந்த கணக்கை மறைக்காமல் வெளியிட்டதற்காக. 1977 அக்டோபரில் திட்டத்தையே மாற்றினார்கள். 70 ஊர்களுக்கு 80 பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் அந்தந்த ஊரைச் சேர்ந்தவர்கள். இளவயதினர், மணமானவர்கள், பள்ளிப்படிப்பு உள்ளவர்கள். தாங்களே ஒரு முறையைப் பின்பற்றுகிறவர்கள். பர்தா வழக்கம் உள்ள ஊர். வீட்டுப் பெண்கள் வெளியே வரமாட்டார்கள். ஆகவே இவர்கள் 15 நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். நடந்தும் போனார்கள், படகிலும் போனார்கள்.

இந்த 80 பேரைத் தனியே விட்டுவிடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை உப மையத்தில் கூட்டம். அங்கே பயிற்சி பெற்ற பெண் மருத்துவ உதவியாளர்கள் இருந்தார்கள். ஊழியைக்குத் தெரியாததை அங்கே கேட்கலாம். உபாதை உள்ள பெண்ணை அங்கே அனுப்பலாம். அதற்கு மேலே மத்லப் மருத்துவமனை. மாத்திரை, ஆணுறை, மூன்று மாத ஊசி, காப்பர்-டி, ஆபரேஷன் என்று எதையும் தேர்ந்துகொள்ளலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம். பிறகு கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ் தடுப்பூசி, பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்.

ஒன்றரை வருஷத்தில் அந்த ஊர்களில் மணமான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஏதாவது ஒரு முறையைப் பின்பற்றினார்கள். 1990 வாக்கில் அது பாதியைத் தாண்டியது. பக்கத்திலேயே, வழக்கமான அரசுச் சேவை மட்டும் கிடைத்த 79 ஊர்களில் அப்போது அதில் ஏறக்குறைய பாதிதான். ஒரே ஆறு, ஒரே மொழி, ஒரே வறுமை. வித்தியாசம், 15 நாளுக்கு ஒருமுறை வாசலில் வந்து நின்ற பெண். பிற்காலத்தில் ஆய்வு செய்த பொருளாதார அறிஞர்கள், பிறப்பு குறைந்தது மட்டுமல்ல, தாய்மார்களின் ஆரோக்கியமும் பிள்ளைகளின் நிலையும் அந்த ஊர்களில் மேம்பட்டிருந்தது என்று கண்டார்கள்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மத்லப் வேலைக்குச் செலவு அதிகம் என்று குறை கூறியவர்கள் உண்டு. ஏறக்குறைய ஆயிரம் ஜனங்களுக்கு ஒரு ஊழியை என்பது ஏழை நாட்டு அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகுமா? அது சரியான கேள்வி. அதனால்தான் 1980-களில் சிராஜ்கஞ்ச், அபய்நகர் ஆகிய இடங்களில், மத்லபில் கற்றதில் எவற்றை அரசு ஊழியர்களே அரசுச் சம்பளத்தில் செய்ய முடியும் என்று சோதித்தார்கள். அரசாங்கம் கிராமத்துப் பெண் ஊழியர்களின் எண்ணிக்கையை 13,500-லிருந்து சுமார் 23,500 ஆக உயர்த்தியது. உலக வங்கியோடு சேர்ந்து பல நாடுகளும், தனியாக அமெரிக்க உதவி முகமையான யு.எஸ்.எய்டும் பணம் கொடுத்தன. பெட்டிக்கடைகளில் 'ராஜா' ஆணுறையும் 'மாயா' மாத்திரையும் மலிவு விலைக்குக் கிடைத்தன.

நூற்றுக்கு 8 ஆக இருந்த கணக்கு 1993-94-ல் 45 ஆயிற்று, 2022-ல் 64. ஆறுக்கு மேல் இருந்த குழந்தைகளின் சராசரி 2022-ல் 2.3 ஆகக் குறைந்திருந்தது. பெண் கல்வி, ஆடைத் தொழிற்சாலை வேலை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த வாசல்படி ஊழியத்தை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

சேலையும் கோதுமையும்

இதே நாட்டில், இதே வருஷங்களில், வேறொன்றும் நடந்தது. 1980-களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு 175 டாக்கா பணமும், பெண்ணுக்கு ஒரு சேலையும், ஆணுக்கு ஒரு லுங்கியும் கொடுத்தார்கள். போக்குவரத்துக்கும் இழந்த கூலிக்கும் ஈடு என்றுதான் கணக்கில் எழுதினார்கள். ஆள் கொண்டுவந்து விடுகிறவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. பெரும்பகுதி அமெரிக்கப் பணம்.

வீட்டில் அரிசி இருக்கும்போது ஒரு சேலை வெறும் சேலை. அரிசி இல்லாத மாதத்தில் அதே சேலைக்கு வேறு அர்த்தம். 1984 வெள்ளத்துக்குப் பின் சில இடங்களில், ஆபரேஷன் செய்துகொண்டதற்கான சான்று இல்லாத பெண்களுக்கு நிவாரணக் கோதுமை மறுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1985-ல் பெட்ஸி ஹார்ட்மன், ஹிலரி ஸ்டாண்டிங் என்ற இரு பெண்கள் இதைக் குறித்து எழுதிய நூலின் தலைப்பிலேயே உணவும் சேலையும் இடம்பெற்றன. பின்னர் நடந்த ஓர் ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் இனிக் குழந்தை வேண்டாம் என்று தாங்களே முடிவு செய்தவர்கள்தாம் என்று கூறியது. அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அவளுடைய 'சரி'யில் எவ்வளவு அவள் மனது, எவ்வளவு அவள் வயிறு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

இது ஏதோ அயல்நாட்டுக் குற்றம் என்று நாம் நினைக்கக் கூடாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே வருஷத்தில், நம் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. என் தகப்பனார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். இத்தனை பேரைக் கூட்டிவர வேண்டும் என்று அவருக்கும் ஒரு எண்ணிக்கை கொடுத்தார்கள். அவர் அதிகம் பேசாதவர். மாணவனின் தகப்பனிடம் போய் இதைக் கேட்டுவிட்டு வந்த இரவு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அந்த இலக்கு முறையை நம் அரசாங்கம் 1996-ல்தான் கைவிட்டது.

ஆக, ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே தூரத்திலிருந்து வந்த பணம். ஒரு பக்கம் அது ஒரு பெண்ணை மறுபடி மறுபடி போய்ப் பார்க்க வைத்தது. மறுபக்கம் அவளைத் தலைக்கணக்கில் சேர்த்தது. எங்கே பிரிந்தது என்று பலநாள் யோசித்தேன். கொடுத்தவர் கேட்ட கேள்வியில் பிரிந்தது என்று நினைக்கிறேன். 'எத்தனை பேர்?' என்று மட்டும் கேட்டால், கீழே இருக்கிறவன் எப்படியாவது அத்தனை பேரைக் கொண்டுவருவான். 'அவளை மறுபடியும் போய்ப் பார்த்தீர்களா?' என்று கேட்டால், போய்ப் பார்க்க ஒருவரை வைத்தே ஆக வேண்டும். நிர்வாகம் என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதன் பாதி இந்தக் கேள்வியில் இருக்கிறது.

குழாய் அடைபட்ட நாள்

மறு பாதி, பணம் நிற்கிற நாளைப் பற்றியது.

வெளிநாட்டு உதவிக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று, அதன் விருப்பம் மாறும். 1998-க்குப் பின், வீடு வீடாகப் போவது செலவு, மையத்துக்கு ஜனங்கள் வரட்டும் என்று உதவி கொடுப்பவர்களும் வங்கதேச அரசும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். கிராமங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாய மருத்துவ நிலையங்கள் கட்டப்பட்டன. 2001-ல் ஆட்சி மாறியது, அவை மூடப்பட்டன. 2009-ல்தான் மறுபடி உயிர் பெற்றன. கட்டடம் நின்றது, அங்கே வர வேண்டிய தாய் என்ன செய்தாள் என்பதை எந்தக் கட்டடமும் சொல்லாது.

இரண்டாவது, அது கொடுக்கிற நாட்டின் அரசியலைச் சார்ந்தது. கருக்கலைப்போடு தொடர்புள்ள வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு உதவி இல்லை என்று அமெரிக்கா 1984-ல் ஒரு கொள்கை அறிவித்தது. அது 1993-ல் நீங்கியது, 2001-ல் வந்தது, 2009-ல் நீங்கியது, 2017-ல் வந்தது, 2021-ல் நீங்கியது, 2025-ல் மறுபடி வந்தது. கருக்கலைப்பைப் பற்றி நம் நிலைப்பாடு எதுவானாலும், ஒரு கிராமத்து மருத்துவ நிலையத்தை இப்படித் திறந்து மூடி நடத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்வீர்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியையே நிறுத்திவைத்தது. மத்லபை நடத்துகிற டாக்கா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலைநீக்கக் கடிதம் போயிற்று. ஜூலை 1-ஆம் தேதியோடு யு.எஸ்.எய்ட் தன் உதவிப் பணியை முடித்துக்கொண்டது. அதே மாதம், பெல்ஜியத்தில் ஒரு கிடங்கில் இருந்த சுமார் 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைச் சாதனங்களை அழிக்கப் போவதாக அமெரிக்க அரசு தெரிவித்தது. பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பெண்களுக்காக வாங்கி வைத்தவை. அதை வாசித்தபோது சிற்றாலயப் படியில் உட்கார்ந்திருந்த அந்தத் தாயின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. வருவோம் என்று சொன்னார்கள், யாரும் வரவில்லை.

மூன்று மாத ஊசி போட்டுக்கொண்டவளுக்கு அடுத்த ஊசி 13 வாரத்தில் வேண்டும். வாஷிங்டனில் கோப்பு நகரும் வரை அவள் சரீரம் காத்திருக்காது. இந்தச் சேவையின் தனித்தன்மை அதுதான். ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலை ஆறு மாதம் நின்றால் சுவர் அப்படியே நிற்கும். இது நின்றால் வேண்டாத கர்ப்பம் வரும். அதோடு, முகங்கோணாமல் கதவைத் திறந்த ஒரு பெண்ணின் நம்பிக்கை போகும்.

வங்கதேசத்துக்கு ஒரு நல்ல காரியம் அமைந்திருந்தது. அந்தக் கிராம ஊழியைகளை அரசாங்கம் தன் ஊழியர்களாகவே வைத்தது. மாத்திரையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிற பழக்கமும் வேரூன்றிவிட்டது. இன்று பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் தனியார் கடைகளிலும் நிலையங்களிலும்தான் வாங்குகிறார்கள். ஆகவே வெளிநாட்டுப் பணம் நின்றது பேரிடி என்றாலும், எல்லாம் ஒரே நாளில் இடிந்துவிடவில்லை. பணம் வந்துகொண்டிருந்த நாளிலேயே, அது வராத நாளுக்கு ஓரளவு ஆயத்தம் இருந்தது.

பிடி அரிசியில் போன பஸ்

நம் கதையின் மீதியைச் சொல்லி முடிக்கிறேன்.

மேட்ரன் அம்மா அந்தக் கட்டுரையைக் கொடுத்த பிறகு, எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் சேர்த்தோம். 'மறுபார்வை' என்று தலைப்பு. காப்பர்-டி போட்ட ஒவ்வொருத்தியையும் ஒரு மாதத்துக்குள் நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மாத்திரையை விட்டவளையும் போய்ப் பார்க்க வேண்டும், ஏன் விட்டாய் என்று கடிந்துகொள்ள அல்ல, என்ன செய்தது என்று கேட்க. வேண்டாம் என்று சொன்னவள் வீட்டுக்கும் போக வேண்டும். அவள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்க்க.

நர்ஸின் பஸ் செலவு கேட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. நான் சோர்ந்துபோய் ஒரு ஞாயிறு பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு அம்மா வந்து, "ஐயா, எங்கள் பிடி அரிசிக் காணிக்கையில் இருந்து பஸ் சார்ஜ் கொடுக்கிறோம்" என்றார்கள். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த தாய்மார்கள். இங்கே அமர்ந்திருக்கிற பலருடைய அம்மாமார், மாமியார்மார்.

வெளிநாட்டுத் திட்டம் மூன்று வருஷத்தில் முடிந்தது. ஜீப் போய்விட்டது. பிடி அரிசியில் போன பஸ் தொடர்ந்து போயிற்று. எப்போதும் ஒழுங்காகப் போயிற்று என்று சொன்னால் பொய். நர்ஸ் இல்லாத மாதங்கள் உண்டு, மழையில் விட்டுப்போன ஊர்கள் உண்டு. இரண்டு வருஷம் வராத அந்த மலையடிவார ஊரிலிருந்து மூன்றாம் வருஷம் முதலில் வந்தவள், படியில் உட்கார்ந்திருந்த அதே தாய். தனக்காக அல்ல, தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கை உள்ளே போகுமுன் நர்ஸைப் பார்த்து அவள் கேட்டது ஒரே கேள்வி: "நீங்களே வருவீங்களா?"

வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்லப் இல்லாமல் உலகம் பலவற்றைக் கற்றிருக்காது; அது வெளிநாட்டுப் பணம்தான். எருசலேமின் ஏழைகளுக்காக அந்நிய நாட்டுச் சபைகளில் காணிக்கை சேர்த்த பவுல் அப்போஸ்தலர், அந்தப் பணத்தைத் தனியே கொண்டுபோகாமல், சபைகள் தேர்ந்தெடுத்தவர்களையும் உடன் அழைத்துக்கொண்டார். ஒருவரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். நாமும் கொடுக்கிறவர்களாக, நிர்வகிக்கிறவர்களிடம் கணக்குக் கேட்கலாம். ஆனால் சரியான கணக்கைக் கேளுங்கள்.

நீங்கள் இந்த மருத்துவமனைக்கோ வேறெந்த ஊழியத்துக்கோ இப்படிப்பட்ட பணிக்காகப் பணம் அனுப்பினால், நான்கு காரியங்களைக் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். அவளுக்கு உபாதை வந்தால் யார், எத்தனை நாளைக்குள் போய்ப் பார்ப்பார்கள்? ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று முறை இருக்கிறதா? அவள் வேண்டாம் என்று சொன்னால், மற்ற வைத்தியமும் உதவியும் குறைவின்றிக் கிடைக்குமா? எங்கள் பணம் நின்றுபோகும் நாளில் அடுத்த ஊசியை யார் வாங்குவார்கள்? இந்த நான்குக்கும் எங்களிடம் பதில் இல்லாவிட்டால், எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எங்களைக் கண்டித்து எழுதுங்கள். செயலாளராக அந்தக் கடிதத்தை முதலில் பிரிக்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தப் பழைய பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே மேஜைமேல் இருக்கிறது. பெயர்கள் தெரியாதபடி காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறோம். 'மறுபார்வை' என்ற கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். நிரம்பிய இடங்கள் உங்கள் தாய்மாரின் அரிசி. காலியான இடங்கள் நாங்கள் இன்னும் பதில் சொல்ல வேண்டியவை.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.